வட கரோலினா தொகுதி மறுவரையறை வழக்குகள்

அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள வட கரோலினா மாநிலத்தில், தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை ஆளும் கட்சி தனக்குச் சாதகமாக வரைந்துகொள்வதை எதிர்த்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்குகள் நடந்துவருகின்றன. அந்நாட்டின் தேர்தல் சட்டத்தை உருவாக்கிய முக்கியத் தீர்ப்புகளில் பல இந்த ஒரு மாநிலத்திலிருந்து பிறந்தவை. 1993இல் ஷா எதிர் ரீனோ, 2017இல் கூப்பர் எதிர் ஹாரிஸ், 2019இல் ருச்சோ எதிர் காமன் காஸ், 2023இல் மூர் எதிர் ஹார்ப்பர் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தொகுதி எல்லையை யார் வரைவது என்பதில் தொடங்கிய இந்தப் போராட்டம், வரைந்ததை யார் விசாரிப்பது, விசாரிக்கும் நீதிபதியை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விகள் வரை நீண்டது.

எல்லை வரைவதன் கணக்கு

அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதன்படி காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய இடங்கள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அந்த இடங்களுக்கான தொகுதிகளைப் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. அதாவது, தேர்தலில் வென்ற கட்சியே அடுத்த தேர்தலுக்கான களத்தையும் அமைக்கிறது.

இதில் நடக்கும் சூழ்ச்சிக்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்புதல் அளித்த ஒரு தொகுதியின் வடிவம் சாலமண்டர் என்ற பல்லி போன்ற உயிரினத்தை ஒத்திருந்தது. ஆளுநரின் பெயரையும் அந்த உயிரினத்தின் பெயரையும் இணைத்து ஒரு பாஸ்டன் செய்தித்தாள் கேலிச்சித்திரம் வெளியிட்டது. அந்தக் கேலிப்பெயரே நிலைத்துவிட்டது.

இதன் வழிமுறைகள் இரண்டு. எதிர்க்கட்சி வாக்காளர்களை ஒரு சில தொகுதிகளில் குவித்து அவர்களது வாக்குகளை வீணாக்குவது ஒன்று. எஞ்சியவர்களைப் பல தொகுதிகளில் சிதறடித்து எங்கும் பெரும்பான்மை பெறாமல் செய்வது மற்றொன்று. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 500 வாக்காளர்கள், நூறு பேருக்கு ஒன்றாக 5 தொகுதிகள். முதல் கட்சிக்கு 280 பேரும் இரண்டாம் கட்சிக்கு 220 பேரும் ஆதரவாளர்கள். முதல் கட்சியினரை இரண்டு தொகுதிகளில் 80 பேர் வீதம் குவித்தால், மற்ற மூன்றிலும் அவர்கள் 40 பேர் வீதமே இருப்பார்கள். அந்த மூன்றையும் இரண்டாம் கட்சி வென்றுவிடும். 44 சதவீத வாக்குகளே உள்ள கட்சிக்கு ஐந்தில் மூன்று இடங்கள் கிடைக்கின்றன. ஒரு வாக்குகூடத் திருடப்படவில்லை. கோடுகள் மட்டுமே வேறு விதமாக வரையப்பட்டன.

மாநிலத்தின் தனி நிலை

வட கரோலினாவில் இந்தச் சிக்கல் கடுமையானதற்கு அதன் அரசியல் அமைப்பும் காரணம். 1996 வரை அம்மாநில ஆளுநருக்குத் தடுப்பதிகாரமே கிடையாது. அந்த ஆண்டு அரசியல் சாசனத் திருத்தத்தின் மூலம் அது வழங்கப்பட்டபோதும், தொகுதி மறுவரையறைச் சட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே ஆளுநர் எந்தக் கட்சியினராக இருந்தாலும் சட்டமன்றம் வரையும் வரைபடத்தைத் தடுக்க முடியாது.

வேறு சில மாநிலங்களில் உள்ளதுபோல், மக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமையும் அங்கு இல்லை. அரிசோனாவில் 2000இலும் மிச்சிகனில் 2018இலும் அந்த வழியாகத்தான் எல்லை வரையும் அதிகாரம் சட்டமன்றத்திடமிருந்து தனி ஆணையத்துக்குச் சென்றது. வட கரோலினாவில் அந்தக் கதவு மூடியிருந்ததால் நீதிமன்றமே எஞ்சிய ஒரே வழியானது.

மாநில அளவில் இரு கட்சிகளின் வலிமையும் ஏறக்குறைய சமம். 2024இல் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் அங்கு வென்றார். அதே நாளில் ஆளுநர் பதவியை ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன் வென்றார். இத்தகைய மாநிலத்தில் எல்லைக் கோட்டைச் சற்றே நகர்த்தினாலும் முடிவு மாறும்.

1990கள்: இனமா, கட்சியா?

1990 கணக்கெடுப்புக்குப் பின் மாநிலத்துக்கு 12ஆவது இடம் கிடைத்தது. அப்போது சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. மாநிலத்தின் 100 மாவட்டங்களில் 40, வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் முன் அனுமதி தேவைப்படும் பட்டியலில் இருந்தன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்று மட்டுமே முதல் வரைவில் இருந்ததால் மத்திய நீதித்துறை ஆட்சேபித்தது. சட்டமன்றம் இரண்டாவது தொகுதியையும் உருவாக்கியது. ஆனால் மற்ற இடங்களில் தன் கட்சி உறுப்பினர்களின் வெற்றிவாய்ப்பு குறையாமல் பார்த்துக்கொண்டது.

இவ்வாறு பிறந்த 12ஆவது தொகுதி, 85ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 160 மைல் நீண்டது. பல இடங்களில் அதன் அகலம் அந்தச் சாலையின் அகலத்தைத் தாண்டவில்லை. காரின் இரு கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதி மக்களில் பெரும்பாலோர் அடிபடுவார்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேலி செய்தார். அந்தக் கேலி பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் இடம்பெற்றது.

இந்த விசித்திர வடிவத்துக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருந்தது. 1901இல் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் பதவிக்காலம் முடிந்து வெளியேறிய பிறகு, தொண்ணூறு ஆண்டுகளாக வட கரோலினாவிலிருந்து கறுப்பினத்தவர் எவரும் காங்கிரஸுக்குச் செல்லவில்லை. 1992இல் முதலாம் தொகுதியில் ஈவா கிளேட்டனும் 12ஆவது தொகுதியில் மெல் வாட்டும் வென்று அந்த இடைவெளியை முடித்துவைத்தனர்.

இந்த வரைபடத்தை எதிர்த்த ஷா எதிர் ரீனோ வழக்கில் 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இனத்தைத் தவிர வேறு எதனாலும் விளக்க முடியாத வடிவில் தொகுதி அமைந்தால், அது சமப் பாதுகாப்பு உரிமையை மீறுகிறதா என நீதிமன்றம் கடுமையாக ஆராய வேண்டும் என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். 1996இல் அத்தொகுதி செல்லாது என அறிவிக்கப்பட்டது. மறுபடி வரையப்பட்ட தொகுதியும் வழக்கில் சிக்கியது. ஆனால் 2001இல் ஈஸ்லி எதிர் குரோமார்டி தீர்ப்பு அதை ஏற்றது. சட்டமன்றத்தை வழிநடத்தியது இனம் அல்ல, கட்சி நலன்தான் என்று மாநில அரசு வாதிட்டிருந்தது. அங்குள்ள கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள். ஆகவே இனத்தையும் கட்சியையும் பிரித்தறிவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது.

இத்தீர்ப்புகளிலிருந்து வரைபவர்கள் ஒரு பாடம் கற்றனர். இனத்தை வைத்து வரைந்தேன் என்றால் வரைபடம் விழும். கட்சியை வைத்து வரைந்தேன் என்றால் நிற்கும்.

2011ஆம் ஆண்டு வரைபடம்

2010 தேர்தலில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், குடியரசுக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் கைப்பற்றியது. கணக்கெடுப்பு ஆண்டை ஒட்டி மாநிலச் சட்டமன்றங்களை வென்று எல்லை வரையும் உரிமையைப் பெறுவது அக்கட்சியின் தேசிய அளவிலான திட்டமாகவே இருந்தது. புதிய வரைபடத்தை வரையும் பணி தாமஸ் ஹோஃபெல்லர் என்ற அனுபவமிக்க நிபுணரிடம் ஒப்படைக்கப்பட்டது.

2012இல் அதன் விளைவு தெரிந்தது. மாநிலம் முழுவதும் பதிவான காங்கிரஸ் வாக்குகளில் பாதிக்குச் சற்றே கூடுதலாக ஜனநாயகக் கட்சி பெற்றது. ஆனால் 13 இடங்களில் 4 மட்டுமே அதற்குக் கிடைத்தன. 2014இல் அதுவும் 3 ஆனது.

முதலாம் தொகுதியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரின் பங்கு 48.6 சதவீதத்திலிருந்து 52.7 ஆகவும், 12ஆவது தொகுதியில் 43.8 சதவீதத்திலிருந்து 50.7 ஆகவும் உயர்த்தப்பட்டிருந்தது. வாக்குரிமைச் சட்டம் அதைக் கோருகிறது என்று சட்டமன்றம் கூறியது. ஆனால் அந்தப் பங்கு பாதிக்கும் குறைவாக இருந்த காலத்திலேயே கறுப்பின மக்கள் தாங்கள் விரும்பிய வேட்பாளரை இரு தொகுதிகளிலும் தொடர்ந்து வெற்றிபெறச் செய்திருந்தனர். அவர்களை மேலும் குவித்ததன் பலன் அண்டைத் தொகுதிகளுக்கே சென்றது. 2016 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரு தொகுதிகளையும் ரத்து செய்தது. 2017 மே மாதம் கூப்பர் எதிர் ஹாரிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்பை நீதிபதி எலினா கேகன் எழுதினார்.

வெளிப்படையான பத்துக்கு மூன்று

2016 பிப்ரவரித் தீர்ப்புக்குப் பின் சட்டமன்றம் அவசரமாகப் புதிய வரைபடம் தயாரித்தது. இம்முறை இனத் தரவுகளைப் பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. பதிலாக, கட்சி ஆதாயம் என்ற அளவுகோலை எழுத்து வடிவிலேயே ஏற்றுக்கொண்டது. குழுவின் இணைத் தலைவர் டேவிட் லூயிஸ், 10 குடியரசுக் கட்சியினரும் 3 ஜனநாயகக் கட்சியினரும் வெல்லும் வகையில் வரைய முன்மொழிவதாகக் கூறினார். 11க்கு 2 என்று வரைய இயலும் எனத் தாம் நம்பாததே அதற்குக் காரணம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வெளிப்படைத்தன்மை ஒரு சட்ட உத்தி. நோக்கம் கட்சி நலன் என்று பதிவேட்டிலேயே இருந்தால், இனப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டு எடுபடாது.

கிரீன்ஸ்பரோ நகரில் உள்ள வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகம், வரலாற்றுரீதியாகக் கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையம். புதிய வரைபடம் அதன் வளாகத்தையே 6ஆவது, 13ஆவது தொகுதிகளுக்கு இடையே இரண்டாகப் பிளந்தது. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இரு வேறு தொகுதிகளின் வாக்காளர்களாயினர். 2016 தேர்தலில் குடியரசுக் கட்சி 53 சதவீத வாக்குகளுடன் 10 இடங்களை வென்றது. திட்டமிட்ட எண்ணிக்கை அப்படியே கிடைத்தது.

ருச்சோ தீர்ப்பு

காமன் காஸ் என்ற அமைப்பும் பெண் வாக்காளர் கழகமும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், 2018 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இந்த வரைபடத்தைச் செல்லாது என்றது. கட்சி ஆதாயத்துக்காக வரையப்பட்டது என்ற காரணத்தால் ஒரு காங்கிரஸ் வரைபடத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல்முறை.

இவ்வழக்கில் கணினி அறிவியல் முக்கியச் சாட்சியாயிற்று. கட்சி விவரங்களைக் கணக்கில் கொள்ளாமல், வழக்கமான நெறிகளை மட்டும் பின்பற்றி ஒரு நிபுணர் 3,000 வரைபடங்களைக் கணினியில் உருவாக்கினார். அந்த 3,000இலும் ஜனநாயகக் கட்சிக்கு நடைமுறையில் இருந்ததைவிடக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாகக் கிடைத்தது. டியூக் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஜொனாதன் மாட்டிங்லியும் 24,000க்கும் மேற்பட்ட வரைபடங்களைக் கொண்டு இதையொத்த முடிவுக்கு வந்தார். 10-3 என்பது மாநிலத்தின் நிலவியலால் தானாக அமைந்தது அல்ல என்பதை இவை காட்டின.

2019 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் மூவர் அமர்வின் தீர்ப்பைத் தள்ளியது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, கட்சி நோக்கில் எல்லை வரைவது ஜனநாயக நெறிகளுக்கு ஒவ்வாதது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கட்சிச் சார்பு அளவுக்கு மீறியது என்று அளக்க அரசியல் சாசனத்தில் அளவுகோல் இல்லை, ஆகவே அது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தொடக்கூடாத அரசியல் வினா என்றது. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி வரைந்த ஒரு தொகுதி பற்றிய வழக்கும் இதனுடன் சேர்த்தே தள்ளுபடியானது. ஆட்சியில் இருப்பவர்கள் வாக்காளர்களிடமிருந்து தங்களைப் பாதுகாத்துக்கொள்ளும்போது, அந்த வாக்காளர்கள் அதே தேர்தலின் மூலம் தீர்வு காண முடியாது என்பது மாறுபட்ட தீர்ப்பு எழுதிய கேகனின் வாதத்தின் சாரம்.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவை மூடிய ராபர்ட்ஸ், இன்னொரு கதவைச் சுட்டிக்காட்டினார். மாநிலங்கள் தத்தம் அரசியல் சாசனங்கள், சட்டங்கள் வழியாக இதைக் கட்டுப்படுத்தலாம் என்றார். வழக்குத் தொடுத்தவர்கள் அந்தக் கதவைத் தட்டினர்.

மாநில அரசியல் சாசனத்தின் துணை

தேர்தல்கள் அனைத்தும் சுதந்திரமாக நடைபெற வேண்டும் என்ற விதி வட கரோலினா அரசியல் சாசனத்தில் உள்ளது. அமெரிக்க அரசியல் சாசனத்தில் அப்படியொரு விதி இல்லை. ருச்சோ தீர்ப்பு வந்து பத்து வாரங்களுக்குள், 2019 செப்டம்பர் 3 அன்று, மாநில நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அந்த விதியின் அடிப்படையில் சட்டமன்றத் தொகுதிகளின் வரைபடத்தை ஒருமனதாக ரத்து செய்தது. 2018இல் இறந்த ஹோஃபெல்லரின் கணினிக் கோப்புகள், அவருடைய மகளின் மூலம் வெளிவந்து, இவ்வழக்கில் சான்றுகளாயின. அக்டோபரில் காங்கிரஸ் வரைபடத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. திருத்திய வரைபடத்துடன் நடந்த 2020 தேர்தலில் முடிவு 8-5 ஆனது.

2020 கணக்கெடுப்பு மாநிலத்துக்கு 14ஆவது இடத்தைத் தந்தது. 2021 நவம்பரில் சட்டமன்றம் வரைந்த புதிய வரைபடம் குடியரசுக் கட்சிக்கு 10 அல்லது 11 இடங்களை அளிக்கக்கூடியதாக இருந்தது. விசாரணை நீதிமன்றம் அதன் கட்சிச் சார்பை உண்மை எனக் கண்டும், தலையிட அதிகாரமில்லை என்றது. 2022 பிப்ரவரி 4 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஹார்ப்பர் எதிர் ஹால் வழக்கில் 4-3 என்ற கணக்கில் வரைபடத்தை ரத்து செய்தது. நீதிமன்ற மேற்பார்வையில் உருவான தற்காலிக வரைபடத்துடன் அந்த ஆண்டுத் தேர்தல் நடந்தது. ஏறக்குறைய சமபலம் கொண்ட மாநிலத்தில் முடிவும் 7-7 என்று சமமாக அமைந்தது.

நீதிபதித் தேர்தலும் தலைகீழான தீர்ப்பும்

வட கரோலினாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எழுவரும் எட்டு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2018 முதல் வாக்குச்சீட்டில் அவர்களது கட்சியும் குறிப்பிடப்படுகிறது. எல்லை வழக்குகள் மாநில நீதிமன்றத்துக்கு வந்ததும் இந்தத் தேர்தல்களின் எடை கூடியது. 2020இல் தலைமை நீதிபதி பதவியைக் குடியரசுக் கட்சியின் பால் நியூபி வெறும் 401 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

2022 நவம்பரில் அக்கட்சி மேலும் இரண்டு இடங்களை வென்றது. 4-3 என ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த நீதிமன்றம் 5-2 எனக் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. புதிய நீதிபதிகள் பொறுப்பேற்ற அடுத்த மாதமே, ஹார்ப்பர் வழக்கை மீண்டும் விசாரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரல் 28 அன்று நியூபி எழுதிய 5-2 தீர்ப்பு முந்தைய தீர்ப்பை நீக்கியது. கட்சி நோக்கிலான எல்லை வரைவை மாநில நீதிமன்றங்களும் விசாரிக்க இயலாது என்றது. நீதிபதி அனிதா ஏர்ல்ஸ் கடுமையான மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அரசியல் சாசனத்தின் வாசகமும் வழக்கின் உண்மைகளும் மாறவில்லை. நீதிபதிகள் மாறியிருந்தனர்.

மூர் எதிர் ஹார்ப்பர்

இதற்கிடையே சட்டமன்றத் தலைவர்கள் 2022 தீர்ப்பை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தனர். காங்கிரஸ் தேர்தல் விதிகளை மாநிலச் சட்டமன்றம் வகுக்கும் என்று அமெரிக்க அரசியல் சாசனம் கூறுவதால், மாநில நீதிமன்றமோ மாநில அரசியல் சாசனமோ அதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அவர்களது வாதம். இது ஏற்கப்பட்டிருந்தால் ஐம்பது மாநிலங்களிலும் கூட்டாட்சித் தேர்தல் விதிகளின் மீதான மாநில நீதிமன்றங்களின் கண்காணிப்பு பெரிதும் தளர்ந்திருக்கும். 2023 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த வாதத்தை நிராகரித்தது.

இந்தத் தீர்ப்பு நாடு முழுவதற்கும் ஒரு பாதுகாப்பு. வழக்கு பிறந்த மாநிலத்துக்கு மட்டும் அதனால் பயனில்லை. மாநில நீதிமன்றம் தலையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, வட கரோலினா நீதிமன்றம் தலையிட மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தது. 2023 அக்டோபரில் சட்டமன்றம் வரைந்த புதிய வரைபடத்தின்படி 2024 தேர்தல் நடந்தது. 7-7 என்றிருந்த முடிவு 10-4 ஆனது. ஜனநாயகக் கட்சியின் மூன்று உறுப்பினர்கள் மறுபடி போட்டியிடவே இல்லை. வழக்குக்குப் பெயர் கொடுத்த கீழவைத் தலைவர் டிம் மூர், புதிதாக வரையப்பட்ட 14ஆவது தொகுதியிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்வானார்.

சீர்திருத்த முயற்சிகளும் இன்றைய நிலையும்

எல்லை வரையும் பணியைத் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கும் மசோதாக்கள் மாநிலச் சட்டமன்றத்தில் பலமுறை வந்துள்ளன. ஜனநாயகக் கட்சி ஆண்ட காலத்தில் குடியரசுக் கட்சியினர் அவற்றை ஆதரித்தனர். ஆட்சி மாறியதும் ஆதரவும் எதிர்ப்பும் இடம் மாறின. ஆணையத்தால் நன்மை பெறும் கட்சிக்கு அதை நிறைவேற்றும் வலிமை இல்லை. வலிமை உள்ள கட்சிக்கு அதில் நாட்டமில்லை.

2025இல் பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் இடையிலேயே எல்லைகளை மாற்றும் போக்கு நாடு முழுவதும் பரவியது. டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாகத் தன் வரைபடத்தை மாற்றியது. கலிபோர்னியா அதற்குப் பதிலடியாக ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்ற முனைந்தது. அக்டோபரில் வட கரோலினாவும் சேர்ந்துகொண்டது. 11ஆவது இடத்தைப் பெறுவதே நோக்கம் என்று ஆளும் கட்சியினர் மறைக்கவில்லை. குறிவைக்கப்பட்டது முதலாம் தொகுதி. 1992இல் ஈவா கிளேட்டன் வென்றது முதல் தொடர்ந்து கறுப்பின உறுப்பினர்களே வென்றுவந்த தொகுதி அது. ஆளுநர் ஸ்டைனுக்குத் தடுப்பதிகாரம் இல்லை. நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்ற அமர்வும் அதைத் தடுக்க மறுத்துவிட்டது. 2016இல் இயலாது என்று டேவிட் லூயிஸ் ஒதுக்கிய எல்லையை நோக்கி வரைபடம் நகர்ந்துகொண்டிருக்கிறது.

முப்பது ஆண்டு வழக்குகளுக்குப் பின், இன அடிப்படையில் வரைவதற்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் மட்டும் ஓரளவு எஞ்சியுள்ளது. ஆனால் இனமும் கட்சியும் பின்னிக்கிடக்கும் மாநிலத்தில், கட்சிக்காக வரைந்தேன் என்ற பதில் அந்தக் குற்றச்சாட்டையும் மழுங்கச் செய்கிறது. இனி இத்தகராறின் முடிவு பெரும்பாலும் மாநில உச்ச நீதிமன்றத்தின் அமைப்பைப் பொறுத்தது. 2024இல் அந்த நீதிமன்றத்தின் ஓர் இடத்தை ஜனநாயகக் கட்சியின் அலிசன் ரிக்ஸ் 734 வாக்குகளில் வென்றார். அந்த முடிவு உறுதியாவதற்கே ஆறு மாதம் வழக்காட வேண்டியிருந்தது. நீதிபதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால், அவர்களது தேர்தலுக்கு வரைய எல்லைக் கோடுகள் இல்லை. வட கரோலினாவின் வாக்காளர்கள் இந்தத் தகராறில் நேரடியாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய இடமாக இப்போது எஞ்சியிருப்பது அதுதான்.